கேளுங்கள், சொல்கிறேன்: வக்கீல் ஆபீஸில் இன்டர்வியூவா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். சட்டம் படித்து முடித்த பிள்ளைகள், சின்ன வக்கீல் ஆபீஸில் ஜூனியராகச் சேர நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், என்ன கேட்பார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் சொத்துத் தகராறு, ஜீவனாம்சம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவர்களுக்கே பக்கத்தைக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: திருநெல்வேலியில் சட்டம் முடித்து, பார் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். சென்னை தம்பு செட்டித் தெருவில் ஒரு ஆபீஸிலிருந்து அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சீனியர் ஒருவர், ஜூனியர் இரண்டு பேர், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான். சிவில் வழக்கும் செக் கேஸும்தான் அதிகமாம். ஐந்து வருட நோட்ஸையும் திரும்பப் படிக்க நேரமில்லை. எதைப் படித்துக்கொண்டு போவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்த நோட்ஸைக் கட்டி பரண்மேல் போடுங்கள். சின்ன ஆபீஸில் எச்.ஆர். கிடையாது, மூன்று ரவுண்டு கிடையாது. சீனியர் கோர்ட் முடிந்து சாயங்காலம் வருவார், காத்திருக்கும் கட்சிக்காரர்களைப் பேசி அனுப்புவார், நடுவில் பத்து நிமிஷம் கிடைத்தால் உங்களைக் கூப்பிடுவார். ஐந்து மணி என்று சொன்னது ஏழு ஆகலாம். முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருங்கள், ஏனென்றால் குமாஸ்தா அங்கேதான் இருப்பார், நீங்கள் கிளம்பியதும் சீனியர் அவரிடம் "என்ன, எப்படி அந்தப் பொண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். இருபது வருஷமாக ஜூனியர்கள் வருவதையும் போவதையும் பார்த்த ஆள் அவர். அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

சீனியருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் கையில் ஒரு கேஸ் கட்டைக் கொடுத்து, "சிட்டி சிவில் கோர்ட்ல இருக்கு, நான் ஹைகோர்ட்ல மாட்டிக்குவேன், பார்த்துக்கோம்மா" என்று அனுப்பினால் நீங்கள் போய் நின்று, ஜட்ஜ் கேட்பதற்குப் பதில் சொல்லி, அடுத்த வாய்தாவைச் சரியாக எழுதிக்கொண்டு வருவீர்களா? இதற்கு "வருவாள்" என்று அவர் மனசுக்குப் பட்டுவிட்டால் வேலை உங்களுக்கு. உங்கள் தயாரிப்பு எல்லாமே இந்த ஒரு கேள்விக்குத்தான்.

அதனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அந்த ஆபீஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம், கீழ்க் கோர்ட்டுகளில் அவர் ஆஜராகும் வழக்குகள் வந்து நிற்கும். அன்றைக்கு விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலான ஹைகோர்ட் காஸ் லிஸ்ட்டிலும் வழக்குக்கு எதிரே வக்கீல் பெயர் இருக்கும். பாகப்பிரிவினையா, வாடகை வழக்கா, செக் கேஸா என்று அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். முடிந்தால் இன்டர்வியூவுக்கு ஒரு நாள் முன்பே சென்னைக்கு வந்து, அவர் ஆஜராகும் கோர்ட்டில் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கோர்ட் எல்லோருக்கும் திறந்திருக்கும் இடம், நீங்களோ பதிவு செய்த வக்கீல், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அவரிடம் போய் "உங்க ஆர்க்யுமென்ட் பிரமாதம் சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஐஸ் வைப்பதை வக்கீல்கள் தொழில்முறையாகவே கண்டுபிடிப்பார்கள்.

இனி படிக்க வேண்டியது. செக் கேஸ் அதிகம் என்கிறீர்கள், அப்படியானால் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-ஆம் பிரிவை (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) மனப்பாடமாக ஒப்பிப்பதில் புண்ணியமில்லை, தேதி போடத் தெரிய வேண்டும். இப்படி ஒரு கணக்கு கேட்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பிப்ரவரி 3 தேதியிட்ட செக், பேங்கில் போட்டுப் பணமில்லை என்று திரும்பி வந்த மெமோ கட்சிக்காரர் கையில் கிடைத்தது மார்ச் 10, நோட்டீஸ் அனுப்பியது மார்ச் 28, எதிர்த்தரப்பு வாங்கியது ஏப்ரல் 2. கம்ப்ளைன்ட் எப்போதைக்குள் போட வேண்டும்? மெமோ கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போய்விட்டது, சரி. வாங்கிய நாளைத் தள்ளிவிட்டுப் பதினைந்து நாள் எண்ணினால் ஏப்ரல் 17. அதுவரை அவருக்குப் பணம் கட்ட அவகாசம். 18-ஆம் தேதி வழக்குக்கான காரணம் பிறக்கிறது, அந்த நாளையும் தள்ளி ஒரு மாதம் எண்ணினால் மே 18. அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அடுத்து கோர்ட் திறக்கும் நாள்.

இதோடு நிறுத்த மாட்டார். "கம்ப்ளைன்ட் நாலு நாள் லேட்டாயிடுச்சும்மா, என்ன செய்வே?" என்பார். போதுமான காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. "சரி, நோட்டீஸே முப்பத்தஞ்சாவது நாள் போயிருந்தா?" இங்கேதான் பாதிப் பேர் விழுவார்கள். நோட்டீஸ் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இல்லை. ஆனால் செக்குக்கு மூன்று மாத ஆயுள் உண்டு, அது முடியாமல் இருந்தால் திரும்பவும் பேங்கில் போட்டு, மறுபடி திரும்பி வந்தால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். இந்தப் பதிலைச் சொல்லும் பிள்ளையை எந்த சீனியரும் விட மாட்டார், ஏனென்றால் கட்சிக்காரர் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது அவருக்குத் தேவைப்படுவது இந்த மூளைதான்.

சிவில் பக்கம் இரண்டு மூன்று இடங்களை உறுதியாக வைத்துக்கொண்டால் போதும். பிரதிவாதி சம்மன் வாங்கிய 30 நாளுக்குள் எழுத்துமூலப் பதிலுரை போட வேண்டும், கோர்ட் நினைத்தால் 90 நாள் வரை நீட்டலாம், சாதாரண வழக்கில் அதற்கு மேலும் தக்க காரணம் இருந்தால் ஏற்பது உண்டு. வணிக வழக்கு என்றால் 120 நாளோடு கதவு மூடிவிடும். அரசாங்கத்தின் மேல் வழக்கு என்றால் முதலில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு நோட்டீஸ், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பாகப்பிரிவினையில் பெண்களின் பங்கு கட்டாயம் வரும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மாநிலம் செய்த திருத்தத்தால், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு அப்போதே வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம், கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்ற பேதத்தை எடுத்தது. திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற இழுபறியை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்தத் தேதிதான் வழக்கையே முடித்துவைக்கும்.

நிலம் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் பத்திரம் படிக்கத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுப் பத்திரத்தையே அப்பாவிடம் கேட்டு வாங்கி, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் பக்கத்தில் வைத்து, சர்வே எண் எங்கே உட்பிரிவு ஆகியிருக்கிறது, நான்கெல்லை பொருந்துகிறதா என்று ஒரு முறை பாருங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும், பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கும். 0.40.5 ஹெக்டேர் என்றால் ஒரு ஏக்கர், ஒரு ஏர் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். யோசிக்காமல் சொல்ல முடிந்தால், இந்தப் பொண்ணு ஊர்ப்பக்கத்துப் பொண்ணு, நிலம் தெரியும் என்று அவர் நிமிர்ந்து உட்காருவார்.

கிரிமினலில் 2024 ஜூலை 1-இல் புதிய சட்டங்கள் வந்த பிறகு பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய நடைமுறைச் சட்டத்தின் 482 என்றால் ஹைகோர்ட்டில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்பது, புதிய சட்டத்தில் அது 528. புதிய 482 என்றால் முன்ஜாமீன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறீர்களா என்று பார்க்கவே கேட்பார்கள். தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான 420 இப்போது 318(4), கொலைக்கான 302 இப்போது 103. ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். இவ்வளவு போதும்.

சில சீனியர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு கேஸ் கட்டை எடுத்துக் கையில் கொடுத்து, "படிச்சிட்டு என்ன கேஸ்னு சொல்லு" என்று போய்விடுவார்கள். எங்கள் ஆபீஸிலும் ஆள் எடுக்கும்போது நான் இதைத்தான் செய்வது. கட்டைப் பிரித்ததும் பிராதின் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பவர்கள் கால் மணி நேரத்தில் ஐந்தாவது பக்கத்தில் நிற்பார்கள். நீங்கள் முதலில் கட்டின் மேலட்டையைப் பாருங்கள், அதில் வாய்தா தேதிகளும் ஒவ்வொரு தேதியிலும் என்ன நடந்தது என்பதும் குமாஸ்தா கையெழுத்தில் இருக்கும், வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் பிராதின் கடைசிப் பக்கத்துக்குப் போய் என்ன பரிகாரம் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் எதிர்த்தரப்பின் பதிலுரை, அதில் எதை ஒப்புக்கொள்கிறார்கள், எதை மறுக்கிறார்கள். கடைசியாக ஆவணப் பட்டியல். சீனியர் திரும்பி வந்ததும் கதை சொல்லாதீர்கள். "நாம வாதி தரப்பு சார், விற்பனை ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கேஸ், வாதி முதல் விசாரணை முடிஞ்சு குறுக்கு விசாரணைக்கு நிக்குது, பாக்கிப் பணம் தயாரா இருந்ததுக்குப் பேங்க் ஸ்டேட்மென்ட் எதுவும் போடலை போல" என்று நாலு வரி. அந்தக் கடைசி வரியைச் சொன்னவர் எவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

தெரியாத கேள்விக்கு "தெரியலை சார், பார்த்துட்டுச் சொல்றேன்" என்பது நல்ல பதில். கோர்ட்டில் தெரியாததைத் தெரிந்ததுபோல் ஜட்ஜிடம் சொல்லிவிட்டு வருகிற ஜூனியரைப் பார்த்துத்தான் எல்லா சீனியருக்கும் பயம்.

கையில் பதிவுச் சான்றிதழ் நகல், அகில இந்திய பார் தேர்வு எழுதியிருந்தால் அந்த முடிவு, நீங்களே டைப் செய்த ஒரு நோட்டீஸோ மனுவோ கொண்டுபோங்கள். கல்லூரியில் மூட் கோர்ட்டில் (மாதிரி நீதிமன்றப் போட்டியில்) வாங்கிய பரிசு எல்லாம் பயோடேட்டாவில் ஒரு வரியில் இருக்கட்டும், வாயால் சொல்ல வேண்டாம். உடை வெள்ளை, கறுப்பு. கோட்டும் கழுத்துப் பட்டையும் வேண்டாம், அது கோர்ட்டுக்கு.

கேள்வி: சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களா? "முதலில் வேலையைக் கற்றுக்கொள், காசு தானாக வரும்" என்கிறார் எங்கள் மாமா. அவரும் வக்கீல்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மாமா காலத்தில் அப்படித்தான் இருந்தது, அப்பாவோ மாமனாரோ சோறு போட்ட பிள்ளைகள் மட்டும் அதில் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்கள் இரண்டே வருஷத்தில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை அடுத்து, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் என்று. எல்லா ஆபீஸும் அதை அப்படியே கொடுத்துவிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதே நேரம் சுற்றறிக்கையை பிரின்ட் எடுத்துக்கொண்டுபோய் மேஜையில் வைத்தால் அன்றைக்கே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.

எப்போது கேட்பது என்றுதான் பார்க்க வேண்டும். அவர் "எப்ப வந்து சேர்ற?" என்று கேட்கும் வரை பொறுங்கள். கேட்டதும், "திங்கட்கிழமையே வர்றேன் சார். மாசம் எவ்வளவு கொடுப்பீங்கன்னு தெரிஞ்சா ரூம் பார்க்க வசதியா இருக்கும்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அதோடு ஃபைலிங்குக்கு அலைகிற ஆட்டோ காசு, ஜெராக்ஸ் காசு ஆபீஸ் கொடுக்குமா என்பதையும். இது சின்னத் தொகை என்று விட்டுவிட்டு, மாதக் கடைசியில் கையிலிருந்து இரண்டாயிரம் மூவாயிரம் போய் நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தொகை குறைவாக இருந்தால் இன்னொன்று கேளுங்கள்: வக்காலத்தில் என் பெயரும் வருமா, சின்ன மனுக்களில் நானே வாதாடலாமா, சொந்தமாக ஒன்றிரண்டு கேஸ் வந்தால் எடுக்கலாமா? இதற்கு ஆம் என்று சொல்கிற ஆபீஸில் ஐந்தாயிரம் குறைவாக வாங்கினாலும் நஷ்டமில்லை. இதற்கும் இல்லை, பணமும் இல்லை என்றால் மாமாவிடம் சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: ஒரு சீனியரிடம் ஒன்றரை வருடம் இருந்தேன், ஒத்துவரவில்லை, விலகிவிட்டேன். இப்போது வேறு ஆபீஸில் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏன் விலகினாய் என்றால் உண்மையைச் சொல்லலாமா?
– வாசகர், சேலம்

பதில்: சேலம் மாதிரி ஊரில் நீங்கள் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். காலையில் ஒரே பார் ரூமில் உட்கார்ந்து டீ குடிப்பவர்கள் இரண்டு பேரும். ஆகவே பொய் வேண்டாம், முழு உண்மையும் வேண்டாம். "அங்கே கிரிமினல்தான் அதிகம் சார், எனக்கு சிவில் கத்துக்கணும்" என்பது உண்மையாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். கத்துவார், காசு தரமாட்டார் என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், பழைய சீனியரைப் பற்றி இன்று இவரிடம் சொல்பவர் நாளை இவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வார் என்றுதான் அவருக்குத் தோன்றும். பழைய ஆபீஸின் கட்சிக்காரர் பெயர், வழக்கு விவரம் எதையும் வாய் தவறியும் எடுக்காதீர்கள். அது ரகசியம் காக்கும் கடமை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உங்கள் எதிரில் இருப்பவர் அதே வழக்கில் எதிர்த்தரப்பாக இருக்கலாம்.

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலத்தில் கேட்டால் புரியும், பதில் சொல்ல நாக்கு புரளாது. இதனாலேயே இரண்டு இடத்தில் போகாமல் விட்டுவிட்டேன்.
– வாசகர், பெரம்பலூர்

பதில்: போகாமல் விட்டதுதான் வருத்தம், தம்பி. ஹைகோர்ட்டில் மொழி ஆங்கிலம், அரசியல் சாசனத்தின் 348-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாவட்டக் கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுகிறார், பத்திரம் தமிழில் இருக்கிறது, பஞ்சாயத்துப் பேசி எழுதிய முச்சலிக்கா தமிழில் இருக்கிறது. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கிரயப் பத்திரத்தைத் தடுமாறாமல் படித்து, இதில் விற்றது முழுப் பாத்தியமா, அனுபவ பாத்தியம் மட்டுமா என்று சொல்லத் தெரிந்த ஜூனியர் நகரத்து ஆபீஸ்களில் அகப்படுவதில்லை. அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: "இங்கிலீஷ்ல பேசறது கொஞ்சம் தடுக்கும் மேடம், தமிழ் டிராஃப்டிங்கும் பத்திரம் பார்க்கறதும் நல்லா வரும்." கூடவே தினமும் ஒரு தீர்ப்பில் வழக்கின் கதை வரும் பகுதியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். சட்ட ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்றொடர்கள்தான், காதில் ஏறிவிட்டால் வாயிலும் வரும்.

கேள்வி: போன மாதம் ஒரு இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ? ஆனப்புறம் வேலையை விட்டுடுவீங்களா?" என்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன். இதை எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: பையன்களிடம் இதைக் கேட்பதே இல்லை, கேட்கிறவருக்கும் அது தெரியும். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்த பிறகு ஆள் போய்விடுவாளோ என்ற கவலையில் கேட்பது. அந்தக் கவலைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "ரெண்டு வருஷமாவது இங்கே இருந்து டிரையல் கத்துக்கணும்னுதான் சார் வந்திருக்கேன்." அதோடு நிறுத்துங்கள். மறுபடியும் வீட்டு விஷயத்தையே தோண்டினால் அந்த ஆபீஸைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆபீஸில் நீங்களும் சீனியரும் மட்டும் இரவு எட்டு மணிவரை இருக்க நேரலாம். போகும்போதே அங்கே வேறு பெண்கள் வேலை பார்க்கிறார்களா, எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று பாருங்கள், அங்கிருக்கும் ஜூனியரிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் இடத்தில் உள்புகார்க் குழு வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அதனால் உங்களுக்குப் புகார் செய்ய இடமே இல்லை என்று ஆகாது. அப்படிப்பட்ட இடங்களுக்காகவே மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது.

கேள்வி: நான் பி.காம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருக்கிறேன். வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சட்டம் ஒன்றும் தெரியாது. போகலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக. சட்டம் தெரிய வேண்டியது அவர்களுக்கு. உங்களிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொல்வார்கள், வேகத்தைவிட எண்களைத்தான் பார்ப்பார்கள்: சர்வே எண், தேதி, தொகை, அப்பா பெயர். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் பக்கத்துக் காட்டுக்காரன் நிலத்துக்குக் கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி வந்து நிற்பார்கள். அடித்து முடித்ததும் எண்களை மட்டும் இன்னொரு தடவை ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள், அவர் பார்க்கிற மாதிரியே செய்யுங்கள். வேர்டில் பத்தி எண் தானாக வருவது, பி.டி.எஃப். ஆக்குவது, பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பக்க எண் போடுவது மூன்றும் தெரிந்திருக்கட்டும், இ-ஃபைலிங் வந்த பிறகு அதுதான் அன்றாட வேலை. பழைய கோப்புகள் வானவில் என்ற தமிழ் எழுத்துருவில் இருக்கும், புதியவை யூனிகோடில் இருக்கும், எதில் அடிக்க வேண்டும் என்று நீங்களே முதலில் கேட்டுவிட்டால் இதற்கு முன் வேலை பார்த்தவர் மாதிரி இருக்கும். சனிக்கிழமை உண்டா, சாயங்காலம் எத்தனை மணிவரை என்பதையும் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள். வக்கீல் ஆபீஸில் வேலை சூடு பிடிப்பதே மற்ற ஆபீஸ்கள் மூடும் நேரத்தில்தான், கடைசி பஸ் உங்களுக்கு எத்தனை மணிக்கு என்று அவர்களுக்குத் தெரியாது.